சங்கிலி பிடித்த பிள்ளையின் கடிதங்கள்

என்னை ஹாஸ்ய எழுத்தாளன் என்று மயிலாப்பூர் ஒப்புக்கொண்டது ஒரு பட்டாளத்துக்காரன் எழுதிய கடிதங்களால்தான். இதை இதுவரை நான் எங்கும் சொன்னதில்லை. பாராட்டு வந்தபோதெல்லாம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். தலையைக் குனிந்தால் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேறு காரணமும் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது. குனிந்த கழுத்து வலிக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் கச்சேரி ரோடிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தேன். பகலில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸ் மிச்சம் வைத்த மூளையைக் கொண்டு ஒரு வாரப் பத்திரிகைக்கு ஹாஸ்யக் கட்டுரை எழுதி வந்தேன். மாம்பலத்தில் ஏரியை மேடாக்கி மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்த காலம் அது. மயிலாப்பூரில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் மனையைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் க்ஷேமம் விசாரிப்பார்கள். நானும் மாம்பலத்துக்கு மனை பார்க்கப் போனதாகவும், அங்கே பழைய குடித்தனக்காரர்களான தவளைகள் என்னை விசாரித்ததாகவும் ஒரு கட்டுரை எழுதினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு பிள்ளை நின்றான். இருபது வயசிருக்கும். வெயிலில் கறுத்த ஒல்லி உடம்பு, சலவைச் சட்டை, கையில் என் கட்டுரை வந்த பத்திரிகை.

"சார், இது நீங்க எழுதினதா?"

என்னைத் தேடி வந்த முதல் ரசிகன். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆமென்றேன்.

"இதுல சங்கிலி நூறடின்னு போட்டிருக்கீங்க. அங்க மனை அளக்கிற சங்கிலி அறுபத்தாறடி."

"அது ஹாஸ்யம் அப்பா."

"சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போயிடுவாங்க சார். அளக்கிறவங்க இன்னா பண்ணுவாங்க?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. என் கட்டுரையைப் படித்து அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

அந்தப் பிள்ளை மாம்பலத்தில் சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்கிறவன். வீடு சாந்தோமில். அப்பா இல்லை. அம்மா அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். காலையில் மாதா கோவிலில் பூசை பார்த்துவிட்டு நேரே என்னைத் திருத்த வந்திருக்கிறான். அன்றிலிருந்து பல ஞாயிற்றுக்கிழமைகள் வந்தான். நான் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்து எழுதுவதை அவன் காப்பி குடிக்கிற நேரத்தில் வாயால் சொல்லிவிட்டுப் போவான். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதைக் காப்பியில் சர்க்கரையைக் குறைத்துக் காட்டிக்கொண்டேன்.

மனைகளெல்லாம் பிரித்து முடிந்ததும் அவன் வேலையும் முடிந்தது. ஊரில் வேலை இல்லாத காலம். ஒன்றரை வருஷம் அலைந்தான். கடைசியில் ஒருநாள் வந்து, பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். சண்டை போடுகிற பிரிவு இல்லை, ரோடும் பாலமும் போடுகிற பிரிவு என்றான்.

"அங்கயும் சங்கிலிதான் சார். ஆனா டிரௌசர் குடுக்கிறாங்க."

பெங்களூரில் சில மாதம் பழக்கி, வடமேற்கு எல்லைப்புறத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மலைக்காரர்களோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. அதை யாரும் யுத்தம் என்று சொல்லவில்லை. பத்திரிகைகளில் 'எல்லைப்புறக் குழப்பம்' என்று உள்பக்கத்தில், சில சமயம் தேங்காய் விலைக்குக் கீழே, நாலு வரி வரும். யுத்தம் என்று பெயர் வைத்தால்தான் ஊர் நிமிர்ந்து பார்க்கும். பெயர் இல்லாத யுத்தத்தில் சாகிறவன் வெறுமனே வெளியூரில் செத்தவனாகிறான்.

முதல் கடிதம் எட்டுப் பக்கம் இருந்தது. கோடு போட்ட தாள், இரண்டு பக்கமும் நெருக்கமான எழுத்து. அதில் இப்படி ஒரு இடம்: 'இங்கே மலைக்காரர்களுக்கு ரோடு வேண்டாம். எங்களுக்கும் இந்த ரோடு வேண்டாம். ஆனாலும் நாங்கள் போடுகிறோம், அவர்கள் சுடுகிறார்கள். இரண்டு பேருக்கும் தினம் வேலை இருக்கிறது. மாம்பலத்தில்தான் இல்லை.'

படித்ததும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எனக்குப் பேராசை வந்துவிட்டது. இதைப் பத்திரிகையில் போடலாமா என்று எழுதிக் கேட்டேன். 'தாராளமாகப் போடுங்கள் சார், பேர் மட்டும் வேண்டாம். அம்மாவிடம் சொல்லுங்கள், வாங்கிப் படிப்பாள்' என்று பதில் வந்தது.

இங்கே என் சோம்பேறித்தனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், பிறகு நடந்ததெல்லாம் அதனால் நடந்தது. கடிதத்தை நான் பிரதி எடுக்கவில்லை. எட்டுப் பக்கத்தை யார் உட்கார்ந்து திரும்ப எழுதுவது? அவன் தாளிலேயே சிவப்புப் பென்சிலால் வேண்டாததை அடித்தேன். வேண்டியதை ஓரத்தில் எழுதினேன். அப்படியே லஸ்ஸுக்குப் பக்கத்திலிருந்த அச்சுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். ஏழு கடிதம் வந்தது. ஏழும் அப்படியே போயிற்று.

வேண்டாதது என்று நான் அடித்தவற்றில் மீன் குழம்பும் ஒன்று. பிள்ளை கடிதத்துக்குக் கடிதம் அம்மா வைக்கும் வஞ்சிர மீன் குழம்பை நினைத்து ஏங்குவான். எங்கள் பத்திரிகையை வாங்குகிறவர்கள் பாதிப்பேர் மீன் தொடாத மாட வீதிக்காரர்கள். அவர்கள் முகம் சுளிப்பார்களே என்று நான் மீன் குழம்பை அடித்துவிட்டு வத்தக்குழம்பு என்று எழுதினேன். ஒரு கடிதத்தில் அவனைப் போளிக்கும் ஏங்க வைத்தேன். குறட்டை விடுகிற குண்டு ஹவில்தார் ஒருவரையும் சிருஷ்டித்தேன். ஊர் சிரித்தது. ஆபீஸில் மேலதிகாரியே என் மேஜைக்கு வந்து, "அந்த ரோடு விஷயம் பிரமாதம் ஓய்" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏழாவது கடிதம் அச்சான வாரம் வியாழக்கிழமை. எங்கள் சந்துக்கும் சாந்தோமுக்கும் அந்த நாளில் ஒரே தபால்காரர். அவர் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கையில் எங்களுக்குக் கடிதம் ஒன்றும் இல்லாமல் நின்றார்.

"சார், உங்களுக்கு எழுதுவாரே பட்டாளத்துப் பிள்ளை. நேத்து அவங்க அம்மாவுக்குத் தந்தி வந்துது. போயிட்டாராம்."

வறண்ட ஓடை ஒன்றுக்குக் குறுக்கே சின்னப் பாலம் கட்ட அளவெடுத்திருக்கிறார்கள். எதிர் மலையிலிருந்து ஒரே குண்டு. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: சனிக்கிழமை வரப்போகிற இதழ். அந்த ஏழாவது கட்டுரையில், நானாகச் சேர்த்த வரிகள் இவை: 'குண்டுக்கும் மரியாதை தெரியும். ஹவில்தாருக்கு மேலே உத்தியோகம் உள்ளவர்களைத்தான் தேடிப் போகிறது. என்னைப் பார்த்தால், போடா பையா என்று தலைக்கு மேலே பறந்துவிடுகிறது.'

ஆபீஸுக்கு லீவு எழுதிப் போடாமலே அச்சுக்கூடத்துக்கு ஓடினேன். அச்சுக் கோப்பவர்களில் பெரியவர், மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பவர், என்னைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா ஐயரே, ஓடியாந்துகினு கீறே?"

"இந்த வாரத்துக் கட்டுரையை நிறுத்தணும்."

"நல்லா கேட்ட போ. பண்டல் கட்டி ரயிலே ஏறிடுச்சி. இன்னாத்துக்கு நிறுத்தணும்?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, நூலைச் சுற்றி, மறுபடி பிரித்து மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் சாந்தோமுக்குப் போனேன். நடந்து பத்து நிமிஷம். எனக்கு ஒரு மணி ஆயிற்று.

அந்த அம்மாளை நான் முன்னே இரண்டு தடவைதான், கடிதங்களைப் பற்றிச் சொல்லப் போனபோது, பார்த்திருந்தேன். நெட்டையான உருவம், கறுப்புச் சேலை, கழுத்தில் நாடாவில் கட்டித் தொங்கும் சின்னக் கத்தரி. அந்தக் கத்தரியை அவள் கழற்றி நான் பார்த்ததில்லை. அன்றும் அது இருந்தது. மேஜைமேல் பத்திரிகையும் விரித்தபடி இருந்தது.

"உக்காருங்க தம்பி. நேத்தே வாங்கிட்டேன். வாங்காம இருக்க முடியல." பிறகு விரலை ஒரு வரியின்மேல் வைத்தாள். "இந்தக் குண்டைப் பத்தி எழுதியிருக்கே. இது அவன் எழுதினதா, நீங்க எழுதினதா?"

நான் எழுதினேன் என்றால், செத்த வாரத்தில் அவள் பிள்ளையின் வாயில் குண்டு ஹாஸ்யத்தை வைத்தவன் நான் என்று ஆகும். "அவன்தான்," என்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சுருக்கமாக எதையும் எழுதியதில்லை.

"அப்படியா," என்றாள்.

எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். பிள்ளை அவளுக்கு எழுதிய தபால் கார்டுகள். எல்லாக் கார்டிலும் ஒரே நாலு வரி: சுகம், அங்கே சுகமா, பூசைக்குப் போகிறேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது.

"எனக்கு எழுதினது இவ்வளவுதான். உங்களுக்கு எட்டு எட்டுப் பக்கம் எழுதினான்னு சொன்னீங்களே. எங்கிட்ட சுகம்னு சொல்லிட்டு உங்ககிட்டதான் தம்பி பேசியிருக்கான்." அவள் குரலில் புகார் இல்லை, கணக்கை விளக்குகிற டீச்சரின் குரலாக இருந்தது. "வர்ற கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏத்துவாங்க. எனக்குக் கல்லறை எங்கியோ மலையில கீது. அந்த லெட்டர்ங்களைக் குடுத்தீங்கன்னா, அதை வச்சு ஏத்திடுவேன்."

தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கல்லறைத் திருநாளுக்கு ஏழு வாரம் இருந்தது.

மறுநாள் அச்சுக்கூடத்தில் பெரியவரிடம் கேட்டேன்.

"லெட்டருங்க எல்லாம் எங்கே?"

"இன்னா ஐயரே கேக்கற? கோத்து முடிச்சா ஊசியில குத்துவோம். ஊசி ரொம்பிச்சுன்னா ரோலர் தொடைப்போம், பொட்டலம் கட்டுவோம், டீக்கு அடுப்பு மூட்டுவோம். நீ திருப்பிக் கேப்பேன்னு எவன் கண்டான்? இதுவரிக்கும் உன்னோடதை நீயே கேட்டதில்லியே."

"ஒண்ணுகூடவா இல்லை?"

"தேடிப் பாக்கறேன். மெய்யாலுமே சொல்றேன், எறிய மனசு வரல எனக்கு. அந்த ரோடு போடற சமாச்சாரம் கோக்கறப்போ சிரிப்புத் தாங்காம எழுத்துக் கட்டையைக் கீழ வச்சிட்டேன். அது அந்தப் புள்ள எழுத்து. ஓரத்துல கோழி கிளறினாப்ல எழுதியிருப்பியே, அதைக் கோக்கறப்போ கை நிக்காது, சரசரன்னு போயிகினே இருக்கும்."

என் எழுத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் கேட்ட மிகச் சரியான விமரிசனம் அது.

மூன்று வாரம் நான் தினம் ஆபீஸ் முடிந்து அங்கே போனேன். பெரியவர் அலமாரி அலமாரியாகப் பொட்டலங்களைப் பிரித்துக் காட்டினார். யார் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, எந்தக் கடையின் விலைப்பட்டியலோ வந்தது. நாலாவது வாரம், பக்க ஓரத்தில் வைக்கிற பூ வேலைப்பாட்டு அச்சுகளைச் சுற்றியிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். கோடு போட்ட தாள். ஏழாவது கடிதத்தின் கடைசித் தாள்.

அதில் பெரியவரின் மைக் கட்டைவிரல் இருந்தது. ஓரத்தில், குண்டுக்கும் மரியாதை தெரியும் என்று என் கோழிக் கிளறல் இருந்தது. அதற்குப் பக்கத்தில், குறுக்கே ஒரே சிவப்புக் கோட்டால் நான் அடித்திருந்த இடம்:

'சார், இது போடுவதற்கு அல்ல. அளவெடுக்கிறபோது நிமிர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. குனிந்துகொண்டு அளக்க முடியாது. நிமிரும்போதெல்லாம் வயிறு ஐஸாகிறது. கூடாரத்துக்குத் திரும்பியதும் கை நடுங்குகிறது. குளிர் என்று மற்றவர்களிடம் சொல்கிறேன். அவர்களும் குளிர் என்றுதான் சொல்கிறார்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். யாருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.'

இதை நான் முன்பே படித்திருந்தேன். படித்ததால்தானே அடித்தேன்? ஆனால் எனக்கு ஞாபகமே இல்லை. கட்டுரைக்கு உதவாது என்று கண்டதும் மனசு அதை விட்டுவிட்டிருக்கிறது. யாருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று அவன் தேர்ந்தெடுத்த ஆள் நான். பதிலில் நான் அவனுக்கு என்ன எழுதினேன் என்று யோசித்தேன். 'கடிதம் ஏ ஒன். ஹவில்தாரைப் பற்றி இன்னும் எழுது' என்று எழுதியிருந்தேன். ஹவில்தார் என் கற்பனை என்பதுகூட அப்போது மறந்துபோயிருந்தது.

தாளைக் கொடுத்தால் என் பொய் தெரியும். அதைவிடப் பெரிய சாக்கு ஒன்று எனக்குக் கிடைத்தது: அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவனே எழுதியிருக்கிறான். இறந்தவனின் வார்த்தையை மீறலாமா? நாலு நாள் இந்தத் தர்மசங்கடத்தை மிகவும் உயர்ந்த முறையில் அனுபவித்தேன். ஐந்தாம் நாள் மனைவியிடம் சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "உசிரோட இருக்கறச்சே அம்மா பயப்படுவாளேன்னு எழுதினான். இப்போ அவா பயப்படறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? யாரைக் காப்பாத்தறதுக்காக மறைக்கறேள்? உங்களைத்தானே?"

"அதுக்கில்லை..."

"பின்னே எதுக்கு? கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்கோ. வெறுங்கையோட போகாதீங்கோ, பூ வாங்கிண்டு போங்கோ."

சாந்தோமில் அந்த அம்மாள் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தாளைக் கொடுத்தேன். மீதி எல்லாம் அச்சுக்கூடத்தில் போய்விட்டது என்றேன். குண்டு வரிகள் என்னுடையவை, அன்று பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னதால் அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, அவள் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தாளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவை படித்தாள்.

"சிவப்புப் பென்சிலை ரொம்ப அழுத்தாம விட்டீங்களே, அது நல்லதாப் போச்சு," என்றாள். "ஒரு எழுத்துகூட மறையல."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சின்னதுல கடலுக்குள்ள இறங்க மாட்டான் தம்பி. இந்தத் தெருவுல பிறந்த பிள்ளை, அலையைக் கண்டா என் சேலையைப் பிடிச்சுக்குவான். மத்த பிள்ளைங்க கேலி பண்ணும். உங்க பத்திரிகையைப் படிச்சப்போ, பட்டாளம் என் பிள்ளையை இப்படி மாத்திடுச்சேன்னு நினைச்சேன். குண்டைக் கண்டு சிரிக்கிறான், வத்தக்குழம்புக்கு அழுவுறான்." இங்கே அவள் என்னை நேராகப் பார்த்தாள். "என் வீட்டுல வத்தக்குழம்பே வச்சதில்ல."

"மீன் குழம்புன்னுதான் எழுதியிருந்தான்."

"வஞ்சிரமா?"

"வஞ்சிரம்."

அப்போதுதான் அழுதாள். அன்று பிள்ளையின் கார்டுகளைக் காட்டியபோதும் அழாதவள். அழுது முடிக்கும்வரை நான் சுவரிலிருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏழு பத்திரிகைகளையும் எடுத்து மேஜைமேல் அடுக்கினாள். கழுத்திலிருந்த கத்தரியைக் கையில் எடுத்தாள்.

"உக்காருங்க. எது உங்களதுன்னு சொல்லுங்க."

இரண்டு சாயங்காலம் ஆயிற்று. நான் வரிவரியாகப் படித்து, இது என்னுடையது என்பேன். அவள் அந்த இடத்தைத் துணியில் பொத்தான் துளை வெட்டுவதுபோல் அலுங்காமல் வெட்டி எடுப்பாள். மறுபக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம்; அந்தப் பெண்ணின் கூந்தல் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. முதலில் போனது குண்டு. பிறகு ஹவில்தார் முழுசாகப் போனார். போளி போயிற்று. வத்தக்குழம்பு போன இடத்தில், பென்சிலால் மீன் குழம்பு என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். என் ஆயுளில் நான் செய்த ஒரே நாணயமான திருத்தம் அது.

வெட்டின பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. ஊர் சிரித்த இடங்கள் எல்லாம் வெட்டுப்படாமல் பத்திரிகையிலேயே மிச்சம் இருந்தன. மேலதிகாரி என் மேஜைக்கு வந்து சொன்ன இடம், வாசகர்கள் கார்டு போட்டுப் பாராட்டிய இடம், எதிலும் கத்தரி படவில்லை. வெட்டிய துண்டுகளை அவள் ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"இது உங்களது. நான் வச்சுக்கறது முறையில்ல."

ஏழு வார ஹாஸ்யம், ஒரு கவருக்குள் தாராளமாக இடம்விட்டு அடங்கியிருந்தது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது. தலை கனக்கும்போது எடுத்துப் பார்ப்பேன்.

கடைசியில் ஒரே ஒரு இடத்தில் எனக்குத் தடுமாறியது. நாலாவது இதழ், மூன்றாம் பத்தி: 'தூரத்து உச்சியில் வெள்ளையாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துத் தையல் துணிகளை யாரோ காயப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பனி என்றார்கள்.'

அம்மாவின் வேலையை நினைத்து அவன் எழுதியிருக்கலாம். அவன் அம்மா தையல் டீச்சர் என்பது எனக்கும் தெரியும், நானும் சேர்த்திருக்கலாம். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அவன்தான் என்று சொல்ல வாய் வந்தது. ஒரு தடவை அப்படிச் சொன்னது போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

கத்தரி அந்த வரிக்குப் பக்கத்தில் காத்திருந்தது.

"தெரியலையா?"

"தெரியலை."

அவள் அந்த வரியை மறுபடி ஒரு தடவை, உதட்டை அசைத்துப் படித்தாள். பிறகு கத்தரியை மடக்கிக் கழுத்திலேயே விட்டுவிட்டாள்.

"அப்ப இருக்கட்டும்," என்றாள்.